தலையணை அடுக்கிடம் சொன்னது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், என் முழங்கால் வலி மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. சின்னவன் முன்பல் விழுந்து சிரிக்கிற படம் வந்தது, பார்த்துச் சிரித்தேன், உன் சின்ன வயசு முகம் அப்படியே இருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால், நீ என்னையே திருப்பி, அதைப் பத்தி நீங்க என்னம்மா நினைக்கிறீங்க என்று கேட்டு என் பேச்சை வேறு பக்கம் ஓட்டிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அஞ்சாவதோடு நின்றவள் எழுதுவது, மெதுவாகத்தான் வரும், நீயும் மெதுவாகவே படி.

உன் அக்கா மகள் விஷயம்தான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆறு வருஷமாக விரிப்பு மடிக்கிறாள், அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள், இவளுக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது. உங்க மாமா பெரிய பெரிய ஆபீஸ்காரங்களையே பேச வைக்கிறவன், அவன்கிட்டப் பேசு என்று சொன்னவள் நான்தான். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மனசுல இருக்கிறதை எல்லாம் சொல்லணுமாமே பாட்டி, மாமா வெளியில சொல்லிட்டா என்று கேட்டாள். அவன் வயித்துக்குள்ள போனது வெளியே வராது, அதுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். நீயும் அவளோடு போனில் பேச ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அதையேதான் சொன்னாய், இங்க பேசுறது இங்கயே இருக்கும்மா, எங்க தொழில்ல அதுதான் முதல் விதி என்று. வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்த என் காதிலும் விழுந்தது. அதைக் கேட்டதும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன், விதி என்றால் எனக்கும்தானே. அப்புறம் ஒரு ஞாயிறும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வேலையில் முன்னேற வழிகாட்டுகிற உன் தொழிலை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. முதலில் எனக்குப் பிடிபடவில்லை, இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கேள்வியாகவே கேட்கிறானே, இதற்கு ஒரு படிப்பா என்று உன் அக்காவிடம் முணுமுணுத்தேன். பிறகு அவள் வந்து சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. நாம் சொல்லிக் கொடுத்தால் அது நம் வார்த்தையாகவே இருக்கும், அவளே தேடி எடுத்தால் அவளுடையதாகிவிடும். தினமும் மூன்று வரி எழுத வைத்தாய், இன்று என்ன செய்தேன், எங்கே பேசாமல் இருந்தேன், பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று. பயமில்லாமல் எங்கே பேச முடியும் என்று நீ கேட்டதற்கு ஒரு வாரம் யோசித்து அவளே கண்டுபிடித்தாள், துணி அடுக்கி வைக்கிற அறையில் என்று. இடைவேளையில் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணை அடுக்கை மேலாளர் ஐயா என்று கூப்பிட்டு, போர்வை அடுக்குகளை மற்றவர்களாக வைத்துக்கொண்டு பேசிப் பார்த்திருக்கிறாள். இரண்டு மாதம். அதன்பின் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, வார்டிலிருந்து வருகிற அழுக்கு மூட்டையையும் துவைத்து உலர்ந்ததையும் ஒரே வண்டியில் தள்ளுகிறோம், இரண்டும் வேறு வேறு வண்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மேலாளர் அங்கேயே ஒத்துக்கொண்டார். நீல வண்டி ஒன்று, வெள்ளை வண்டி ஒன்று வந்தது. நான் தெரு முழுக்கச் சொன்னேன், தையற்காரர், மருந்துக்கடைக்காரர், பால் போடுகிறவர், ஒருத்தரையும் விடவில்லை. பாட்டிக்கு ஆஸ்பத்திரியில சம்பளமா என்று தையற்காரர் கேலி செய்தார், செய்யட்டும். பிரிவுப் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் மேலாளரே இவளைக் கூப்பிட்டு விண்ணப்பம் போடச் சொன்னார், இவளும் போட்டாள். இத்தனையும் உன் புண்ணியம் என்று உன்னை நினைத்து எத்தனை தரம் நெட்டி முறித்தேன் தெரியுமா.

போன மாதம் அவர்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சி வகுப்பு என்று எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, வேலையில் முன்னேறுவது எப்படி என்று திரையில் ஒரு பேச்சைப் போட்டிருக்கிறார்கள். திரையில் நீ. போட்ட அதிகாரிக்கு நீ யார் என்று தெரியாது, நல்ல பேச்சாக இருக்கிறதே என்று போட்டிருக்கிறார். இவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, எங்க மாமா என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லப் போயிருக்கிறாள். அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய், ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுப் பெண், தலையணையைப் பார்த்து மேலாளர் ஐயா என்று கும்பிடுவாள் என்று. குரலை வேறு நடுங்க வைத்துப் பேசிக் காட்டினாயாம். உன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கிற சத்தமும் அதில் கேட்டதாம். அவர்கள் பிரிவில் இஸ்திரி போடுகிற அம்மா ஒருநாள் அந்தத் துணி அறை வாசலில் நின்று இவள் பேசியதைக் கேட்டிருக்கிறாள், கேட்டும் இத்தனை நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தலையணை என்றதும் தன்னையும் அறியாமல் இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் திரும்பிவிட்டார்கள். மறுநாள் தலையணை அடுக்கின் மேல் மேலாளர் என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்ததாம். நீ சொன்ன கதையில் நீல வண்டியும் இல்லை, வெள்ளை வண்டியும் இல்லை. தலையணையோடு அவளை விட்டுவிட்டு, இப்படிப்பட்டவங்களையும் நான் கைதூக்கி விட்டிருக்கேன் என்று முடித்துவிட்டாய்.

அதோடு நிறுத்தினாயா, இல்லை. எங்க அம்மா மாதிரி நானும் வாயில்லாப் பூச்சியா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு மாமா என்று அவள் உன்னிடம் அழுதது, அதையும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பேச்சு யார் கை வழியாகவோ உன் அக்கா போனுக்கும் வந்து சேர்ந்தது. அடுப்படியில் நின்றபடியே முழுக்கப் பார்த்தாள். உண்மையைத்தானே சொல்லியிருக்கா என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள், கழுவி வைத்ததையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். அந்த வாயில்லாதவள்தான் உனக்காகக் கல்லூரி அலுவலகத்தில் மூன்று நாள் நின்று பேசி இடம் வாங்கிக் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறதா. உனக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, பேரு சொல்லலையேம்மா, நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்னுதானே சொன்னேன் என்றாய். நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டுமானால் உன்னுடையதை எடுத்துக் கொடு தம்பி, நம்பி உன் கையில் வைத்ததை எடுத்துக் கொடுக்காதே. பேர் சொல்லாமல் போனால் என்ன, அந்தத் தலையணையைச் சொன்னாயே. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நீங்க சொன்னீங்கன்னுதான் பாட்டி பேசினேன் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். உனக்காக நான் கொடுத்த வாக்கை நீ என் வயசையும் பார்க்காமல் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டாய்.

விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போய் வந்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, போடி, யாருக்குப் பயப்படுற என்று சொல்ல. சொல்லவில்லை. நீ கேட்கிற மாதிரி, இதுல உனக்கு எது வேணும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், நான் வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், அந்த வேலை வேணும் பாட்டி, ஆனா தலையணைகிட்ட இனிமே பேச முடியாது என்றாள். மறுநாள் இஸ்திரி போடுகிற அம்மாவையே எதிரில் உட்கார வைத்து நேர்காணலுக்குப் பேசிப் பார்த்தாளாம். அந்த அம்மா, முதல்ல நிமிர்ந்து உட்காரு, நான் என்ன தலையணையா என்றாளாம், இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். நேர்காணலில் நாலு பேர் கேள்வி கேட்க உட்கார்ந்திருக்க, இவள் முதல் வாக்கியமாக, நீங்க பார்த்த வீடியோல வர்ற பொண்ணு நான்தான், அதுல ரெண்டு வண்டி விஷயம் இல்ல, அதை நானே சொல்லிடறேன் என்றாளாம். குரல் நடுங்கியதாம். நடுங்கிக்கொண்டே முழுக்கச் சொல்லி முடித்திருக்கிறாள்.

முடிவு வந்துவிட்டது. என்ன முடிவு என்று எழுத மாட்டேன். அதை மாமாகிட்டச் சொல்ல வேண்டாம் பாட்டி என்றாள், சரி என்று சொல்லிவிட்டேன். இதுவரை எழுதியதைக்கூட அவளிடமும் உன் அக்காவிடமும் படித்துக் காட்டிக் கேட்டுத்தான் எழுதினேன், இவள் இரண்டு வரி வேண்டாம் என்றாள், அந்த இரண்டு வரி இதில் இல்லை. உன் அக்கா எதையும் எடுக்கச் சொல்லவில்லை. நீ அந்தப் பேச்சை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு. எடுத்தபின் உன் அக்காவுக்கு உன் கைப்பட எழுது, போன் வேண்டாம். பேத்தியை நீயாகக் கூப்பிடாதே, பேச வேண்டும் என்று தோன்றினால் அவளே கூப்பிடுவாள்.

உனக்குப் பதினோரு வயசில் பள்ளி ஆண்டு விழா அன்று ஒன்று நடந்தது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிள்ளை ஏன் பாதியிலேயே வந்தான் என்று உன் அப்பா எத்தனையோ தடவை கேட்டார், வயிற்று வலி என்று சொன்னேன், கடைசி வரைக்கும் வயிற்று வலிதான். உன் அக்காவுக்கும் தெரியாது. நீ மேடை ஏறிப் பேசுகிறாய் என்று ஊரே சொல்லும்போதெல்லாம் அந்த நாள் எனக்கு நினைவு வரும், பெருமையில் கண் கலங்கும், அப்போதும் வாய் திறந்ததில்லை. இந்தக் கடிதத்தை மருமகள் பிரித்தாலும் பிரிக்கலாம் என்பதால் இங்கேயும் அதை எழுதவில்லை.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப் போடாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம், மருமகளுக்கு என் அன்பு. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன்னை நம்பிப் பேசுகிறவர்கள் குறையாமல் இருக்க வேண்டும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா