ஹோட்டலில் செத்தவீடு

ஜூன் 20, வெள்ளி

தூறல். லண்டன் வந்தாயிற்று. ஹோட்டல் அறை சிறியது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குத்தான் இடம். ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். பரவாயில்லை.

நளினி ஒஸ்லோவிலிருந்து எனக்கு முன்பே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். தை மாதமே போட்ட திட்டம் இது: புருஷன், பிள்ளைகள் இல்லாமல் இரண்டு நாள். அம்மா செத்து மூன்று கிழமை. வராமல் விடப் பார்த்தேன். "சூரிச்சில இருந்து சுவரைப் பாத்து என்ன செய்யப்போறாய்? வாடி" என்றாள். வந்தேன். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் குரல் செய்தி: "அக்கா, அம்மான்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு வாறியோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லு. நீயும் எண்டால் கிரியை செய்யக் கீரிமலைக்குப் போகப் பெரிய வாடகை வானாப் பிடிக்கவேணும்."

செத்தவீட்டுக்குப் போகவில்லை. "நாளைக்கே எடுக்கிறம் அக்கா, லைவ் போடுறம்" என்றான். சமையலறை மேசையில், மடிக்கணினியில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. அழுகை வரவில்லை. இன்னும் இல்லை. அங்கே போய் எல்லாருக்கும் நடுவில் நின்றும் வராவிட்டால்? அதனால்தான் பதில் போடவில்லை.

பற்பசை மறந்துவிட்டேன். ந.வின் பசையில் கறுவா மணம்.

ஜூன் 21, சனி

வெயில். சிவப்பு பஸ், மேல்தட்டு, முன் இருக்கை. ந. கம்பியைப் பிடித்து பஸ்ஸை ஓட்டினாள். பிறகு ஆற்றில் படகு. பார்த்தவை: பாலம், கோபுரம், இன்னொரு பாலம். பின்னால் ஒரு சென்னைத் தம்பதி.

"இந்தத் தண்ணியைப் பாக்கவா இவ்ளோ நேரம் லைன்ல நின்னேன்?"

"ஆமா, மெரினால சும்மாவே பாத்திருக்கலாம். உங்களை யாரு வரச்சொன்னா?"

ஐஸ்கிரீம், பிஸ்தா. ருசி தெரியவில்லை. குளிராக இருந்தது.

"சிரியடி." சிரித்தேன். என் போனிலேயே படம் எடுத்து என் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். நல்ல சிரிப்பாகத்தான் வந்திருந்தது.

அது பிழையாகிவிட்டது. கரை இறங்கும்போது அழைப்பு. லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் இருக்கும் மாமி, அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி.

"பிள்ளை, லண்டன் வந்திருக்கிறாய், ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சும்மா ரண்டு நாள்தான் மாமி..."

"மரண அறிவித்தல்ல உன்ர பேருக்குப் பக்கத்தில சுவிஸ் எண்டு கிடந்தது. துக்கம் கேக்க அங்க வரேலுமே? இப்ப எந்த ஹோட்டல்?"

"நான் உங்கட வீட்டை வாறன் மாமி."

"விசரே உனக்கு? செத்தவீட்டுக்காரர் வீடுவீடாத் திரியிறதே? நாங்கள்தான் வரவேணும்."

ந.வுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பின்னேரம் வந்தார்கள். மாமி நூல் சேலையில். மாமாவின் கையில் சாப்பாட்டுப் பை. வரவேற்புக் கூடத்தில் யாரோ கல்யாணப் பெண்ணின் தோழிகள் கூட்டம், பலூன்கள், தலையில் பிளாஸ்டிக் கிரீடங்கள். பக்கத்துச் சோபாவில் இருந்தோம். மாமி என் கையைப் பிடித்து "என்ர மச்சாள்..." என்று தொடங்கிப் பெரிதாகவே அழுதார். பலூன்காரிகள் அடங்கிவிட்டார்கள். ஒரு கிரீடக்காரி வந்து காகிதக் கைக்குட்டை நீட்டினாள். நான் மாமியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மாமா கோப்பி மெஷின் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறியள்? செத்தவீட்டில கோப்பி குடிக்கிறதே?"

"இது ஹோட்டலப்பா."

"பிள்ளை இருக்கிற இடம்தான் செத்தவீடு. வந்து இருங்கோ."

வந்து இருந்தார்.

"முப்பத்தொண்டுக்குப் போறியோ?" என்று மாமி கேட்டார்.

"தெரியேல்லை மாமி. எனக்கு இன்னும் அழுகையே வரேல்லை."

"இவருக்கும் தாய் செத்தநேரம் வரேல்லை. ஆறு மாசம் கழிச்சுக் கார் திருத்திற இடத்தில நிண்டு அழுதவர்."

"அது பில்லைப் பாத்து" என்றார் மாமா.

பிறகு மாமி எழுந்தார், மாமாவும். ஒரு சொல் இல்லை. அப்படியே நடந்தார்கள். வரவேற்புப் பெண் "சீ யூ சூன்" என்றாள். மாமி திரும்பவில்லை. செத்தவீட்டில் 'போயிட்டு வாறம்' சொல்லக்கூடாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு முதுகுகள். அப்போதுதான் ஏதோ உறைத்தது. சோபாவில் இருந்துவிட்டேன். சூரிச்சில் எல்லாரும் பூங்கொத்துத் தந்து, பிறகு சந்திப்போம் என்று சொல்லித்தான் போனார்கள். சொல்லாமல் போனவர்கள் இவர்கள்தான்.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் கறி. கட்டிலில் வைத்துச் சாப்பிட்டோம். ந. இரண்டாம் தரமும் போட்டாள். எனக்குச் சொதியில் உப்புக் கூட. உப்பென்று தெரிந்தது. இரவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த நாடகத்துக்கு நேரம் பிந்திவிட்டது. போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மப்பு. ஆளுக்கொரு விமான நிலையம். ரயில் நிலையத்தில் பிரிந்தோம். ந. கட்டிப்பிடித்தாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பேசாமல் நடந்துவிட்டேன்.

"ஏய்! சொல்லிப்போட்டுப் போடி. நான் இன்னும் சாகேல்லை!"

திரும்பினேன். நடுவில் சனம். கத்தவேண்டியிருந்தது. "போயிட்டு வாறன்!"

போன ஆவணியில் வாசல் படலையில் நின்ற அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

விமான நிலையம். தண்ணீர்ப் போத்தலை எறியச் சொன்னார்கள். மாமியின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். கழுவியும் சொதி மணம். கண் காய்ந்துதான் இருக்கிறது.

தம்பிக்குப் போட்டேன்: வாறன். பெரிய வானாப் பிடி.