பால்புட்டியில் மஞ்சள் புள்ளி

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? என் குட்டி மகள் ஷனீஸுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? நான் நலம்.

நேற்று இங்கே பிரிட்ஜ்டவுன் நகரச் சந்தையில், பச்சைக் கோழிக்கறியைக் குழாயடியில் கழுவக்கூடாது என்று சுகாதாரத் துறைக்காக விளக்கினேன். மீன் விற்கும் மிஸ் வெர்லீன் இடுப்பில் கைவைத்தாள்.

"கழுவாத கோழியா? உங்கம்மா உன்ன இப்படித்தான் வளர்த்தாளா, பொண்ணே?"

"எங்கம்மா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு மூணு தண்ணி அலசுவா."

"பாத்தியா, அவளுக்கு அறிவு இருக்கு!"

கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கோழியில் மஞ்சள்தூளைத் தடவி, உன்னைப் போலவே அலசிக் காட்டினேன். குழாய்த் தொட்டியோரம் நான் முன்பே வைத்திருந்த பால்புட்டியின் ரப்பரில் மஞ்சள் புள்ளிகள் தெறித்திருந்தன. கிருமியும் அப்படித்தான் தெறிக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

"ஐயோ, பிள்ள வாயில வைக்கிறதாச்சே!" என்றாள் வெர்லீன்.

அம்மா, ஷனீஸின் புட்டியும் நம் தொட்டியோரம்தான் காய்கிறது. இன்றே கொதிநீரில் போட்டெடுத்து, ஜன்னல் பக்கம் மாற்றிவிடு. கோழிக்கு எலுமிச்சைச் சாற்றைக் கிண்ணத்திலேயே தடவு, ஆனால் குழாயடியில் அலசாதே. கறியை நன்றாக வேகவை. போக்கு நிற்காவிட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அனுப்பு. அதைத் துவைக்க வேண்டாம், அவள் வாசம் போய்விடும்.

பேருந்து வந்துவிட்டது.

உன் நெரிஸ்