சேதி எட்டும் தூரம்

நாள் 212. காலை 08:10

வெப்பப்பெட்டி 25 பாகை. குப்பிகள் முப்பது. ஈக்கள் நலம், நானும் நலம். இடது சூரியத் தகட்டில் தூசி படிந்து மின்சாரம் குறைகிறது.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. நான் பேச்சியம்மாள். நிலவின் தென்முனை ஆய்வுக்கூடத்தில் தனியாள். மாற்றாள் வர நாற்பது நாள் இருக்கிறது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் பழ ஈயின் சிறகு எப்படி வளர்கிறது என்று பார்ப்பது என் வேலை. வாழைப்பழத்தை மொய்க்கிற பூச்சியைப் பார்க்க நிலாவுக்கா போகவேண்டும் என்று கேட்காத சொந்தக்காரர் ஊரில் பாக்கியில்லை.

புழுவின் உடம்புக்குள் சிறகு ஒரு சின்னப் பையாகக் கிடக்கும். அதன் நடுக்கோட்டுச் செல்கள் ஒரு புரதத்தைக் கசியவிடும். அதுதான் சேதி. அடுப்படியில் கருவாடு வறுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கைத் துளைக்கும், தெருமுனையில் இருப்பவருக்கு லேசாக எட்டும் அல்லவா, அப்படி. வருகிற அளவை வைத்துத்தான் ஒவ்வொரு செல்லும் தான் எங்கே இருக்கிறோம், நரம்பாவதா விளிம்பாவதா, இன்னும் எவ்வளவு பெருகலாம் என்று தெரிந்துகொள்கிறது. சேதி எட்டாத செல் திகைத்து நின்று, பிறகு செத்துப்போகும்.

நாள் 214. மாலை 17:30

என் குப்பிகளில் பாதிச் சிறகோடு பிறக்கிற ஈக்களின் மர்மம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு மரபணு உடைந்திருக்கிறது. மங்கலான சேதியையும் கேட்கவைக்கிற மரபணு. அது இல்லாவிட்டால் நடுவில் உள்ள செல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஓரத்துச் செல்கள்தான் சாகின்றன.

பெயர் வைக்கும் உரிமை எனக்கு. எங்கள் ஈக்காரர்களின் வழக்கம் கொஞ்சம் கோணல். மரபணு எதைச் செய்கிறதோ அதைப் பெயராக வைக்கமாட்டோம். அது உடைந்தால் எது இல்லாமல் போகிறதோ, அதை வைத்தே அழைப்போம். கண்ணை உண்டாக்குகிற மரபணுவுக்குக் கண்ணிலி என்று பெயர்.

என் கணவர் ஆறுமுகநயினார் பாளையங்கோட்டையில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற தொண்டை. என் ஈக்களின் மறுபிரதி முப்பது குப்பிகளும் அவர் அலமாரியில்தான் வளர்கின்றன. இன்று அவர் அனுப்பியது:

"ஏட்டி பேச்சி, முப்பது குப்பியும் மாத்தியாச்சு. கருப்பட்டி போட்டுக் கூழு காய்ச்சுனா பூச்சிக்கு முன்னாடி எனக்குல்லா பசிக்கி. அதுக்கு எம்பேர வைக்கப்போறேன்னியே, வேண்டாம்ட்டி. எது இல்லியோ அதத்தான ஒங்க ஆளுக பேரா வைப்பீக? உசுரோட இருக்கவன் பேர அதுல எழுதாத. நெஞ்சு ஆபரேசன் அடுத்த திங்கக்கெழமதான். நீ பூச்சியப் பாரு."

சிரித்தேன். சரி, வைக்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.

நாள் 215. காலை 09:00

இடது தகடு செத்துவிட்டது. இருக்கிற மின்சாரத்தில் வெப்பப்பெட்டியை ஓட்டலாம், அல்லது பெரிய ஆண்டெனாவை ஓட்டலாம். இரண்டும் முடியாது.

பெட்டிக்குள் முப்பத்துநான்கு கூட்டுப்புழுக்கள். அந்த மரபணுவின்மேல் சந்தேகம் வந்த அன்றே, உடைந்ததன் இடத்தில் நல்லதை வைத்து வளர்க்கத் தொடங்கியவை. முழுச் சிறகோடு வெளியே வந்தால் இரண்டு வருட உழைப்புக்கு அதுவே சாட்சி. நான்கு நாள் சூடு வேண்டும். ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருக்கிறது. நான்கு நாள் பேசமுடியாது, பரவாயில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"நாலு நாளுதான? கண்ண மூடித் தொறந்தா போயிரும். பொட்டிய அணைச்சே, வந்து ஒதைப்பேன்."

ஆண்டெனாவை அணைத்தேன். சின்னக் கம்பி வழியாக மணிக்கொரு சைகை மட்டும் பூமியிலுள்ள தரை நிலையத்துக்குப் போகும். ஒரே ஒரு பீப். உயிரோடிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நாள் 217. பகல் 14:00

அறை 7 பாகை. பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் தொணதொணப்பு இல்லாமல் இரண்டு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். பொய். காது வலிக்கிற அளவுக்கு அமைதி.

நாள் 219. காலை 10:40

வந்துவிட்டன! முப்பத்துநான்கில் முப்பத்தொன்று. முழுச் சிறகு, கடைசி நரம்புவரை. அத்தான், பார்த்தீர்களா!

பெட்டியை அணைத்தேன். ஆண்டெனா ஓடுகிறது.

10:58

ஏழு சேதிகள் காத்திருக்கின்றன. முதலாவது, நாள் 216:

"பேச்சி, வலி கூடிட்டு. நாளைக்கே அறுக்கணுங்காவ. நீ கேக்கமாட்டேன்னு தெரியும், சும்மா சொல்லிவைக்கேன். குப்பிய மாடத்திகிட்ட குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தா நர்சு ஏசுதா."

11:20

கடைசிச் சேதி அவர் தங்கை மாடத்தியுடையது.

"மதினி... அண்ணன் செவ்வாக்கெழம மத்தியானம் நம்மள விட்டுப் போயிட்டு. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒங்க கொரலக் கேக்கணும்னு ஒரே புடிவாதம். இல்லன்னதும், அந்தப் பீப்பாவது வந்துச்சான்னு நெலையத்துக்குப் போனு போடச் சொல்லிச்சு. வந்துச்சுன்னாவ. அத எங்காதுலயும் கேக்க வையின்னு போன வாங்கிக் கேட்டுச்சு மதினி. 'அது போதும், அவ இருக்கா'ன்னு சிரிச்சுகிட்டே உள்ள போச்சு."

செவ்வாய் மத்தியானம் என்றால் நாள் 217. நான் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த நேரம்.

நேரம் எழுதவில்லை

முப்பத்தொன்றும் குளிரில் செத்துக் கிடக்கின்றன. பெட்டியை மறுபடி போடவில்லை. எனக்கு அந்தச் சிறகுகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அணைத்திருக்கலாம். ஒரு மணிநேரம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஈ போனால் மயிராச்சு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நாள் 221. காலை 08:10

தரை நிலையம் அறிக்கை கேட்கிறது. பெரிய ஆண்டெனா வேலை செய்வதால் மணிக்கொரு சைகை இனித் தேவையில்லை என்றும் சொல்கிறது. நான் நிறுத்தவில்லை.

08:40

பதிவுப் படிவம்.

மரபணுவின் பெயர்: நயினார்.

அது இல்லாதபோது காணப்படுவது: அருகில் உள்ள செல்களுக்குக் குறைவில்லை. தூரத்துச் செல்லுக்குச் சேதி வந்துகொண்டுதான் இருக்கும். கேட்காது. தான் யார் என்று அதற்குத்

09:00 சைகை அனுப்பப்பட்டது.

10:00 சைகை அனுப்பப்பட்டது.

11:00 சைகை அனுப்பப்பட்டது.