காய்ச்சல் என்று எழுதிய கடிதம்

மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த கிரேப் கடதாசிப் பூக்களை இன்று பிள்ளைகளோடு சேர்ந்து கிழித்து எடுத்தேன். மழை ஈரத்தில் கோதுமை மாப்பசை புளித்துப்போய் ஒரு மணம் வந்தது. உனக்கு அந்த மணம் பிடிக்காது. "இந்தப் பசையைக் கிண்டுற நேரத்தில பிள்ளையள் மைதானத்தை நாலு தரம் சுத்தியிருக்குங்கள்" என்று ஒவ்வொரு கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கும் புறுபுறுப்பாய். புறுபுறுத்துக்கொண்டே ஏணியில் ஏறி, எங்கள் ஒருவருக்கும் எட்டாத உயரத்தில் நட்சத்திரம் கட்டுவதும் நீதான். இந்த முறை நட்சத்திரம் ஒரு பக்கம் சரிந்துதான் தொங்கியது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாம் உன் மேல்தான்.

செத்துப்போனவளோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிப்பேன். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் கேள்.

இந்த வருடம் ஒளிவிழாவையும் சாதனையாளர் கௌரவிப்பையும் மறுபடி ஒன்றாக வைத்தார்கள். வழக்கம்போல ஒலிவாங்கி என் கையில். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு அதை விட்டால் வேறு என்ன வேலை? புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: உன் பெயரில் ஒரு நினைவுக் கிண்ணம், சிறந்த வலைப்பந்தாட்ட வீராங்கனைக்கு. நான் வாசிக்க வேண்டிய தாளில், "எமது அணியைத் தேசிய மட்டம் வரை அழைத்துச் சென்று பாடசாலைக்குப் பெருமை தேடித்தந்த அமரர்" என்று எழுதியிருந்தது. எழுதியவள் போன வருடம் நியமனம் கிடைத்து வந்த சின்னப் பிள்ளை. மாகாணத்தில் முதலிடம் என்று பழைய பதிவுப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். முதலிடம் வந்தவர்கள் தேசியத்துக்குப் போகாமல் இருப்பார்களா என்று நினைத்துவிட்டாள். மூளை உள்ள எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த வசனத்தை வைத்துக்கொண்டு நான் மேடைக்குப் பின்னால் நின்றேன். மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் பிரமிளா இருந்தாள்.

பிரமிளாவை உனக்குச் சொல்லவா வேண்டும்? மாகாணத்தில் வென்ற உன் அணியின் ஏழு பேருக்கும் தலைவி. சம்பூரிலிருந்து வந்து அன்புவழிபுரத்தில் மாமி வீட்டில் நின்று படித்தவள். வெறுங்காலோடு விளையாடிப் பழகியவளுக்குச் சப்பாத்து போட்டால் ஓட்டம் வராது என்று, ஒரு மாதம் வகுப்புக்குள்ளும் சப்பாத்தோடு நடக்க வைத்தாய். பந்து அவள் கைக்கு வந்தால் நீ மைதானத்துக்கு வெளியே இருந்து கத்துவதை நிறுத்திவிடுவாய். "அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை" என்பாய். இப்போது நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். அழைப்பிதழ் கொடுக்கப் போனபோதே, "பள்ளிக்கூடத்துக்காக வாறன் ரீச்சர், அவவுக்காக இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்தக் கார்த்திகையை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? மாகாணக் கிண்ணத்தோடு வந்து இறங்கினீர்கள். தேசியப் போட்டி குருநாகலில். குறிஞ்சாக்கேணி ஷிபானாவை வெளியூருக்கு விடமாட்டேன் என்று அவளுடைய வாப்பா ஒற்றைக் காலில் நின்றார். நீ மூன்று தரம் அந்த வீட்டுக்குப் போனாய். மூன்றாம் தரம் நானும் கூட வந்தேன். "டீச்சர், ஒங்கட பொறுப்பிலதான் அனுப்புறன். ராவையில ஒங்களுக்குப் பக்கத்திலதான் பிள்ள படுக்கோணும்" என்றார். "ஓம் வாப்பா, பாய் போட்டு ஒட்டிக்கொண்டு படுக்கிறன்" என்று நீ சொன்னதும் அந்த மனிசன் சிரித்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ பாட்டுப் பாடினாய். கேட்கச் சகிக்காத குரல்.

அதற்கு அடுத்த கிழமைதான் பள்ளிக்கூட அதிபர் அம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டா. ஒளிவிழாவுக்குப் பெரிய இடத்து விருந்தினர் ஒருவர் வருகிறாராம். அவருக்கு வசதியான நாள் ஒன்றே ஒன்று. அதே நாள் குருநாகலில் முதல் ஆட்டம்.

"சம்பியன் பிள்ளையள் இல்லாமல் சாதனையாளர் விழாவோ?" என்று அதிபர் அம்மா கேட்டா. "வாறவர் அந்தப் பிள்ளையளுக்குத்தான் மாலை போட வாறார். எங்களுக்குப் புது மண்டபம் தாறனெண்டு சொல்லியிருக்கிறார். மேடையில ஆரைக் காட்டுறது?"

மாகாணத்தில் வென்றதைக் கொண்டாட வேண்டும், ஆகவே தேசியத்துக்குப் போக ஏலாது. எங்கள் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எங்காவது இப்படி ஒரு ஞாயம் பிறக்குமா? வெற்றி என்றால் எங்களுக்கு மேடை, மாலை, பொன்னாடை, படம். பிள்ளை அடுத்த ஆட்டம் ஆடுவது பற்றி எவருக்கும் கவலை கிடையாது. அந்தப் புது மண்டபமும் இன்றுவரை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் ஓட்டு ஒழுக்குக்குக் கீழே இரண்டு வாளி வைத்துத்தான் விழா நடந்தது.

நீ "ஏலாது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழும்பினாய். அதிபர் அம்மா என்னைப் பார்த்தா. "நீங்கள் சொல்லுங்கோ, உங்கட சிநேகிதிதானே." அவவின் மேசையில் என் இடமாற்றக் கடதாசி கிடந்தது. ஐந்து வருடம் தூரத்துப் பாடசாலைகளில் கிடந்து உலைந்து, அப்போதுதான் நான் நகரத்துக்கு வந்திருந்தேன். அவ சிபாரிசு எழுதினால் இங்கேயே நிற்கலாம். எழுதாவிட்டால் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டும்.

விறாந்தையில் உன்னைப் பிடித்து நிறுத்தினேன். "ஒரு வருசம்தானேடி, அடுத்த முறை போகலாம்தானே?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அடுத்த முறை இவளவை பள்ளிக்கூடத்தில இருக்க மாட்டாளவை" என்றாய். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "உன்ர கடதாசி அவவின்ர மேசையில கிடந்தது. நான் கண்டனான். எழுதித் தா, கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். "வீராங்கனைகள் பலருக்கும் காய்ச்சல் பரவியுள்ளமையால் எமது அணி இம்முறை போட்டியிலிருந்து விலகிக்கொள்வதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்." ஒரு பிழை இல்லை. ஒற்றுக்கூட ஒழுங்காகப் போட்டிருந்தேன். காய்ச்சல் என்ற பொய் என் சொந்தக் கற்பனை, அதிபர் அம்மா கூடச் சொல்லித் தரவில்லை. விழா நாளில் அந்த ஏழு பேரையும் மாலையோடு மேடையில் நிறுத்தி, "எமது பெண் சிங்கங்கள்" என்று ஒலிவாங்கியில் முழங்கியதும் நான்தான். ஆறு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷிபானா மாத்திரம் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆட்டம் தொடங்கும் நேரம் அது.

மறுநாள் பிரமிளா மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்தாள். "காய்ச்சலெண்டு ஆர் ரீச்சர் எழுதினது?" என்று கேட்டாள். நான் உனக்குப் பக்கத்தில் வரவுப் பதிவேட்டோடு நின்றேன். கையெட்டும் தூரத்தில் நின்றேன்.

"நான்தான் எழுதினனான். எனக்குச் சரியெண்டு பட்டது" என்றாய். ஏழு பேரும் தங்கள் இலக்கச் சட்டைகளை மடித்து உன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றோடு உன் மைதானத்துக்கு அவர்கள் வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னேரம் கேட்டேன். சிரித்தாய். "என்னில கோவிச்சா பந்துதான் போகும். உன்னில கோவிச்சா சோதினை போகும். உன்ர வகுப்பில அவளவை இருக்கோணும்." அந்த முறை உயர்தரச் சோதினையில் என் தமிழ் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஏ. அதற்கும் ஒரு கௌரவிப்பு வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ கடைசி வரிசையில் இருந்து கை தட்டினாய். அந்தப் பொன்னாடையை நான் வாங்கிக்கொண்டேன். உனக்கு எப்படிக் கை தட்ட மனம் வந்தது? எனக்கு எப்படி வாங்க மனம் வந்தது?

சரி, சோதினை முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே. "விடடி, பழைய கதை" என்றாய் ஒவ்வொரு தரமும். நானும் விட்டேன். விடுவது எனக்கு வசதியாக இருந்தது. தெருவில் பிரமிளா உன்னைக் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போவாள். என்னோடு நின்று கதைப்பாள், கலியாணப் படம் காட்டுவாள். நீ அதைப் பார்த்துக்கொண்டு மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பாய். நோகாத மாதிரி எவ்வளவு நேரம் தெரிந்தெடுப்பாய்!

நோய் உன்னை இரண்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்கு நான் ஒவ்வொருத்தியையும் தொலைபேசியில் கூப்பிட்டேன். "லீவு இல்லை ரீச்சர்" என்றாள் பிரமிளா. நன்றி கெட்டதுகள் என்று அவர்களை ஏசினேன். நான் ஏசினேன், கேட்டாயா? ஏழு பேரில் ஒருத்திகூட வரவில்லை. உன் காலடியில் பூப் போட்டவர்களில் ஒரு விளையாட்டுக்காரி இல்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உன் கிண்ணத்தைக் கொடுக்க அழைத்திருந்தது யாரைத் தெரியுமா? ஓய்வுபெற்ற அதே அதிபர் அம்மாவைத்தான். பட்டுச் சேலை, முன்வரிசைக் கதிரை. நான் வாசிக்கத் தொடங்கினேன். "தேசிய மட்டம் வரை" என்ற இடத்தில் தாளை மடித்தேன். "அவர்கள் தேசிய மட்டத்துக்குப் போகவில்லை. ஆட்டம் நடந்த நேரம் இந்த மேடையில் மாலையோடு நின்றார்கள். அவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை. அவர்களைப் போக விடாமல் மறித்தது இந்தப் பாடசாலை" என்றேன்.

உடனே பிரதம விருந்தினர் கை தட்டினார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். அதிபர் அம்மாவும் தட்டிவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிண்ணத்தைக் கொடுக்க எழும்பினா. பாண்ட் வாத்தியம் முழங்கியது. எங்கள் ஊரில் மேடையில் நின்று எதைச் சொன்னாலும் கை தட்டுவார்கள், உனக்குத் தெரியாதா?

ஆனால் அப்போதும் "இந்தப் பாடசாலை" என்றுதான் சொன்னேன். "நான்" என்று வாயில் வரவில்லை.

விழா முடிந்து மழை விட்ட நேரம் வாசலில் பிரமிளா எனக்காகக் காத்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "நல்லாச் சொன்னீங்கள் ரீச்சர். ஒன்பது வருசத்துக்குப் பிறகெண்டாலும் ஒராள் சொன்னீங்கள்" என்று என் கையைப் பிடித்தாள். "ஆனா அவ ஏன் எழுதிக் குடுத்தவா? அதைத்தான் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு."

அவள் கை என் கைக்குள் இருக்கும்போதே சொன்னேன். "அவ எழுதேல்லை. நான் எழுதினனான். காய்ச்சல் எண்டதும் நான் போட்ட பொய். எனக்காகத்தான் அவ கையெழுத்து வைச்சவ. நீங்கள் என்னில கோவிச்சு வகுப்புக்கு வராமல் விட்டிடுவியள் எண்டு, தானே எழுதினதெண்டு சொன்னவ."

கையை எடுத்தாள். "ஆசுபத்திரியில எத்தினை நாள் கிடந்தவா?" என்று கேட்டாள்.

"இருபது நாள்."

"எங்கட கடையில இருந்து ஆசுபத்திரிக்கு நடந்து போற தூரம் ரீச்சர்" என்றாள். "இருபது நாளில ஒரு நாள் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்." குடையை விரிக்காமலே போனாள்.

சனிக்கிழமை மற்ற ஆறு பேரையும் நானே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஷிபானா முழுதும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். நேற்று ஏழு பேரும் பிள்ளைகுட்டியோடு உன் கல்லறைக்குப் போனார்களாம், படத்தில் பார்த்தேன். என்னை ஒருத்தியும் கூப்பிடவில்லை. பிரமிளாவுக்கு இன்று இரண்டு தரம் அழைப்பு எடுத்தேன், எடுக்கிறாள் இல்லை.

நீ இருந்தால் இப்போதும் நடுவில் வந்து நின்று, "விடுங்கோடி, பாவம்" என்பாய். வராதே. அந்தப் பிள்ளைகளின் கோபம் எனக்கு உரியது. என்னைக் கேட்காமல் ஒன்பது வருடம் நீ அதைச் சுமந்தாய், சுமந்துகொண்டே செத்தும் போனாய். இப்போது அது என்னிடம் வந்துவிட்டது. இனி நான்தான் சுமப்பேன்.