இல்லாத காய்ச்சல்

இன்று மதியம் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். சங்கு ஊதி, ஆட்கள் ஒதுங்கி, சுண்ணாம்புப் பாறை சரிந்து, வெள்ளைப் புழுதி அடங்கும்வரை நான் கேட்டருகே நின்றிருந்தேன். பட்டாளத்திலிருந்து வந்தபின் அரியலூரில் இந்தக் காவல் வேலைதான் எனக்கு. சத்தம் பழகிவிட்டது. புழுதிக்குப் பின்னால் வரும் வெடிமருந்து வாடைதான் பழகவில்லை. அது வந்தால் நீ வந்துவிடுவாய். நீ போய்ப் பதினைந்து வருஷமாகிறது. இத்தனை நாள் மறைத்ததை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதை உனக்குத்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

பெரம்பலூர் மைதானத்தில் ஆளெடுப்பு நடந்த அன்று, கடைசிச் சுற்றில் நான் நின்றுவிடப் பார்த்தேன். முன்னால் ஓடிக்கொண்டிருந்த நீ வேகத்தைக் குறைத்து என்னோடு சேர்ந்துகொண்டாய். "மூச்சப் பாக்காதடா, எம் முதுகப் பாத்துக்கிட்டு வா" என்றாய். பார்த்துக்கொண்டே ஓடினேன். இருவரும் தேறினோம். விக்கிரமங்கலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நீ உட்காரவில்லை. சந்தோஷத்தில் வழியெல்லாம் படியிலேயே நின்று வந்தாய். பட்டாளத்திலும் அப்படித்தான். மூட்டை தூக்க, தண்ணீர் சுமக்க, பனியை வெட்டி வழி பண்ண, யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்துவிடுவாய். உன்னைத் தைரியசாலி என்று நான் நினைத்ததில்லை. சும்மா இருக்கத் தெரியாதவன் என்றுதான் நினைத்தேன்.

அந்த மலை முகாமில் நமக்கு மூன்றாம் மாதம். முந்தின வாரம் ரோந்து போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அடுத்த ரோந்தில் முன்னால் நடக்கவேண்டியவன் நான். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று காலை நான் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் என்றேன். சுபேதார் வந்து நின்றார். நீ குனிந்து என் நெற்றியில் கை வைத்தாய். உன் கைதான் சூடாக இருந்தது. என் நெற்றி சில்லிட்டுக் கிடந்தது. நீ என் கண்ணைப் பார்த்தாய். நானும் பார்த்தேன்.

"நல்லா சுடுது சாப். இவனுக்குப் பதிலா நான் போறேன்" என்றாய்.

உனக்கு மகள் பிறந்து ஏழு மாதம். ஒரே ஒரு லீவில்தான் அவளைத் தூக்கியிருந்தாய்.

உன் பூட்ஸ் சத்தம் வெளியே போவதைப் போர்வைக்குள்ளிருந்து கேட்டேன். கூப்பிட்டிருக்கலாம். பத்தடிகூட இருக்காது.

பிறகு நடந்ததெல்லாம் பதக்கத்தோடு கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. ஓடைத் திருப்பத்தில் முதல் குண்டு உன் தொடையில் பாய்ந்தது. தூக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாறையடியில் படுத்தபடி சுட்டுக்கொண்டே இருந்தாய். அடிபட்ட இருவரையும் இழுத்துக்கொண்டு மற்றவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். நீ வரவில்லை. அந்தக் காகிதத்தில் எல்லாம் உண்மை, 'நோயுற்ற தோழருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து' என்ற முதல் வரியில் வரும் நோயைத் தவிர.

உன் சவப்பெட்டியோடு ஊருக்கு வந்தவன் நான். வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் கேட்டார், "ஒனக்குக் காய்ச்சலாமே சாமி, இப்ப தேவலையா?"

"தேவலைம்மா" என்றேன்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் குடியரசு தினத்துக்கு நம் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த நண்பனுக்காக நீ போனதைச் சொல்வேன். குரல் தழுதழுக்கும். கைதட்டுவார்கள். அந்தத் தழுதழுப்பு எதனால் என்று யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் உன் மனைவி பெரம்பலூரிலிருந்து மகளையும் அழைத்து வந்திருந்தாள். உன் மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்பா கெளம்பும்போது கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

நீ கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அதுவும் எனக்காக. "நல்லாருடான்னு சொன்னாம்மா" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"அம்மா, அன்னைக்கு எனக்குக் காய்ச்சலே இல்லம்மா. பயந்துட்டேன். தொட்டுப் பாத்தான், அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சேதான், சுடுதுன்னு சொல்லிட்டு, எனக்குப் பதிலா போனான்."

அவர் கை நிற்கவில்லை. நாலைந்து கொட்டை உடைந்த பிறகுதான் கட்டையைக் கீழே வைத்தார்.

"நீ வந்தா எம் புள்ளயே வந்த மாதிரி சோறு போட்டனேடா."

உடைந்த கொட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளினார்.

"இத்தன வருசம் சொமந்த. இன்னைக்கு எங்கிட்ட எறக்கி வச்சிட்ட. நான் இத எங்கடா எறக்கி வைப்பேன்?"

காலில் விழப் போனேன். தள்ளிவிட்டார். அடுத்த வருஷம் மேடையிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மருமகளிடமும் பேத்தியிடமும் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். ஊரே காறித் துப்பினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"வேணாம்" என்றார். "சுடுதுன்னு எம் புள்ள அவன் வாயால சொல்லிட்டுப் போயிருக்கான். அத நீ பொய்யாக்கிடாத. வருசா வருசம் வந்து நில்லு. காய்ச்சல்னே சொல்லு."

கட்டையை மறுபடி எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடச் சொல்லவில்லை. நானும் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஜனவரியிலும் மேடையேறுவேன். காய்ச்சலில் கிடந்தேன் என்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். உன் அம்மா தட்டமாட்டார், என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். தலையைக் குனிந்துகொள்ளக்கூட எனக்கு இனி வழியில்லையடா. குனிந்தால் நீ சொன்னது பொய்யாகிவிடும்.