முகத்துக்குக் கீழே ஓடும் எழுத்து

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், கடையில் ஜெராக்ஸ் மிஷின் மட்டும் வழக்கம்போல மக்கர். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சொல்ல வந்ததை அடக்கி வைக்க முடியவில்லை. போன வாரம் கடையின் இரண்டு கம்ப்யூட்டருக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினோம், இரண்டும் வேறு வேறு கம்பெனி, டைப்படிக்கிற பெரியது ஒன்று, டிசைன் போடுகிற சின்னது ஒன்று. சர்வீஸுக்கு வந்த தம்பி பெரியதுதான் உசத்தி என்று சாதித்தான், பாதிப் பெயர் போட்டாலே தொலைந்த ஃபைலைத் தேடித் தருகிறதாம். நான் விடுவேனா, சின்னதில் சாயங்காலமானால் கண் கூசாமல் திரை தானே மங்குகிறது என்று மல்லுக்கு நின்றேன். ஆனால் இரண்டிலும் ஒரு புதுசு இருந்தது பார். யார் பேசினாலும் பேசப் பேச அது தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடுகிறது.

இதற்கா இந்தக் குதி குதிக்கிறாய் என்பாய். அப்பா மாதக்கணக்கில் வீடியோ காலுக்கு வராமல் நழுவுகிறாரே, நீ அவ்வளவு தூரம் போனதில் அவருக்குக் கோபம் என்றுதானே நினைத்திருக்கிறாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. லேத் பட்டறை இரைச்சலில் தேய்ந்த காது, காது மிஷின் மாட்டியும் போனில் உன் பேச்சு பிடிபடவில்லை. புரியாமல் தலையாட்ட வெட்கப்பட்டு, உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டார். இப்போது அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வீடியோவை முதலில் பெரியதில் ஓடவிட்டேன். எழுத்து திரையின் உச்சியில் தனிப் பெட்டியில் வருகிறது, இவர் பேப்பர் படிக்கிறவர் மாதிரி மேலேயே பார்த்தார், உன்னைப் பார்க்கவே இல்லை. சின்னதில் உன் முகத்துக்குக் கீழேயே ஓடுகிறது. அங்கங்கே பிழை வந்தது, ஆனால் என்மேல் இன்னும் கோபமாப்பா என்று நீ கேட்டது பிசகாமல் வந்தது. நீ இப்படிக் கேட்கிறாய் என்று நான் சொன்னபோதெல்லாம், வீடியோ காலுக்கு இழுக்க நான் கட்டிய கதை என்றவர், அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். புள்ள நெஜமாவே கேட்டிருக்குடி என்றார், கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை சிட்டு. சின்னதுதான் ஜெயித்தது என்று அந்த சர்வீஸ் தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார், நிதானமாகப் பேசு, மாப்பிள்ளையைக் குறுக்கே பேச விடாதே, இரண்டு குரல் கலந்தால் எழுத்து குழம்புகிறது. நீ சிரித்துக் கொஞ்சம் கழித்துத்தான் அவர் சிரிப்பார், தப்பாக நினைக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் அந்தக் கேள்வியை முதலில் கேள். பதில் வைத்திருக்கிறாராம், என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறவரின் மனைவி,
உன் அம்மா