பிரிக்காத மாத்திரை அட்டை

என் உயிரான கிரேஸ் அக்காவுக்கு,

நீ போன பிறகு ஐயம்பேட்டைத் தறித்தெருவும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. உன் ஊரையும் என் ஊரையும் நான் ஒருத்தியே நர்ஸாகப் பார்க்கிறேன். வேலை அதிகம் என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பெண் என் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

கலாவை நினைவிருக்கிறதா? நெசவுக்காரர் மணியின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் நீதான் அவளுக்குச் சத்து மாத்திரை கொடுத்தாய். இப்போது முழுகாமல் இருக்கிறாள், மாதம் நெருங்கிவிட்டது. பி.பி. தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. பாதம் இரண்டும் வீங்கியிருக்கின்றன. உன்னைப் போலத் தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். "மூஞ்சியப் பாத்து நல்லா இருக்கியான்னு கேக்காதடி. நெய்யற பொம்பளைங்க கால குழிக்குள்ள வெச்சிக்கினு இருப்பாங்க. குனிஞ்சி பாரு" என்பாயே.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை. தறியில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை இருக்கிறது.

"முந்தானை மட்டும்தான்க்கா பாக்கி. தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துட்டு வந்துர்றேன். எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே? தல சுத்தல, மயக்கம் வரல."

மாமியார் அதற்கும் மேல். "புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம இன்னாம்மா பண்ணும்? நாங்கல்லாம் பெக்கலையா? கல்யாணப் பொடவைய பாதில வுட்டுட்டுப் போனா அந்தப் பொண்ணுக்கு ஆவுமா?"

பயிற்சியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, தனி ஆளுக்கு ஒரு விதம், குழுவுக்கு ஒரு விதம், ஊருக்கு ஒரு விதம் என்று. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படம் போட்ட அட்டையைத் திருப்பித் திருப்பித் தொண்டை கட்டப் பேசினேன். தறிச் சத்தத்தில் பாதி காதில் விழுந்திருக்காது. "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டே மிதிப்பலகையை மிதித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாய்மார் கூட்டம் போட்டேன். கிழமையை மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். தறி ஓடுகிற நாளில் எவள் எழுந்து வருவாள்? நானும் அங்கன்வாடி டீச்சரும் வயதான இரண்டு பாட்டிமாரும் உட்கார்ந்திருந்தோம். போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன், கைதட்டல் படமெல்லாம் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி "கர்ப்பிணித் தாய்மார்களே" என்று தெருத்தெருவாகக் கத்தியும் பார்த்தேன். கலாவின் மாமியார் வாசலுக்கு வந்து முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசற, மோரு குடிக்கிறியா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நீ எப்படிச் செய்தாய்? அமாவாசைக்காகக் காத்திருப்பாய். அன்றுதான் தெரு முழுக்கத் தறி நிற்கும். பெண்கள் தலைக்குக் குளித்துக் கூந்தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் போய் உட்காருவாய், ஆனால் நீ பேசமாட்டாய். பட்டவள் எவளோ அவளைப் பேசவிடுவாய். குழந்தைக்குப் பேதியாகிப் பிழைத்த கதையை அந்தத் தாயே சொல்லுவாள், மற்றவர்கள் வாயை மூடிக் கேட்பார்கள்.

நாளைக்கு அமாவாசை. பி.பி.யால் பட்டவர் யார் இருக்கிறார்கள் என்று வாரம் முழுக்க யோசித்தேன். யோசித்து யோசித்து உன்னிடம்தான் வந்து நின்றேன், அக்கா.

ஊரெல்லாம் உனக்குச் சாவு திடீரென்று வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறது. உன் கைப்பையில் பி.பி. மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது எனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். எத்தனை தடவை கேட்டேன்? "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேடி" என்பாய். கலா அதே வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உன் குரல்தான் கேட்டது. ஊருக்கே எடுத்துச் சொன்னவள் ஏன் அப்படிச் செய்தாய்? உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பிய அன்றைக்கு உன் வீட்டுக்காரர் என்னிடம் கெஞ்சினார். "வெளிய சொல்லாதம்மா. எல்லாருக்கும் மாத்திரை குடுத்தவ தன்னுத முழுங்கலன்னா சிரிப்பாங்க." நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று மத்தியானம் அவரிடம் போனேன். கலாவைப் பற்றிச் சொன்னேன். "அண்ணே, நாளைக்கு அக்கா கதைய அவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். உன் பைபிளை எடுத்துக்கொண்டு வந்து பிரித்தார். உள்ளே அந்த மாத்திரை அட்டை இருந்தது.

"எடுத்துக்கினு போம்மா. சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க, இத்தக் காட்டு" என்றார். பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நாளைக்குப் படம் போட்ட அட்டைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். உன் அட்டையைக் கலாவின் கையில் கொடுப்பேன். ஒரு மாத்திரைகூடக் குறையாததை அவள் விரலால் தடவிப் பார்க்கட்டும். யாராவது உன்னை நினைத்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நீ பொறுத்துக்கொள்.

இதற்கும் அவள் மசியவில்லை என்றால்? அதற்கு மேல் என்னிடம் எதுவுமில்லை, அக்கா.

ஆனால் நாளைக்குத் தறி ஓடாது. அவள் கால் குழிக்குள் இருக்காது, தெருவே பார்க்கும்படி தரையில் இருக்கும். ஆட்டோவைக் காலையிலேயே வாசலில் வந்து நிற்கச் சொல்லிவிட்டேன். அவள் மறுபடி அந்தக் குழிக்குள் காலை இறக்கும் முன் அவளை வண்டியில் ஏற்றிவிடுவேன். உன்னைத்தான் ஏற்ற முடியாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
உன்னோடு கூடப்பிறக்காத தங்கை
சாந்தி